வோல்ஐக்கு எந்தக் கொழுக்கி? குவின்ரி விரிகுடாவில் ஒரு சனிக்கிழமை

கடந்த மே மாதம் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற தாய்க்கு எங்கள் வீடுகளில் சரக்குக்கறி கொடுப்பார்கள். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாவற்றையும் அரைத்து மீன் போட்டு வைக்கும் கறி. அம்மா அதை ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்தார். அக்கா ஒருநாள்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடை மீனின் ஐஸ் மணம் குமட்டுகிறது என்று தட்டைத் தள்ளிவைப்பாள். ஆள் மெலிந்துகொண்டே வந்தாள். பால் குறைந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். அம்மாவைப் பார்த்து அத்தானுக்குப் பயம்.

"புது மீன் எண்டால் சாப்பிடுவாள். நான் பிடிச்சுக்கொண்டு வாறன்" என்றார் அத்தான்.

ஜெரோம் அத்தான் மன்னாரில் பிறந்தவர். பதினாறு வயது வரை தகப்பனுடன் கடலுக்குப் போனவர். இங்கே ஒன்ராறியோவில் நீண்டதூர லொறி ஓட்டுகிறார். ஜூன் மாதத்தில் அவருக்குக் கிடைத்த ஓய்வு ஒரேயொரு சனிக்கிழமை. மறுநாள் விடிய வினிப்பெக்குக்கு லோட். ஆகவே மீன் கிடைத்தால் அன்றைக்கு, இல்லையென்றால் இல்லை. அவர் திரும்பி வருமுன் குழந்தையின் முதல் மாதமும் முடிந்துவிடும்.

இதில் நான் எப்படி வந்தேன் என்றால், எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் வாசிக்க வேண்டியது எதுவானாலும் என் மடியில் வந்து விழும். வங்கிக் கடிதம், மைக்ரோவேவ் விளக்கப் புத்தகம், இப்போது மீன்பிடி விதிகள். ஆட்களோடு கதைப்பதைவிட வாசிப்பது எனக்கும் சுகம். வாசித்ததில் ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. எந்த ஏரியின் மீனை, எந்த நீளத்தில், எவ்வளவு உண்ணலாம் என்று ஒன்ராறியோ அரசின் வழிகாட்டி ஒன்று இணையத்தில் இருக்கிறது. பாலூட்டும் தாய்மாருக்கு அதில் தனிக் கணக்கு. வோல்ஐ வளர வளர அதன் சதையில் பாதரசம் கூடுமாம். ஆகவே அக்காவுக்குச் சின்ன மீன்தான் வேண்டும். இதை அத்தானிடம் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். கடலில் வளர்ந்தவர்கள் கரையில் நிற்பவர்களுக்குச் சொல்லும் "ஓம், ஓம்" அது.

வோல்ஐ என்பது கடைகளில் பிக்கரல் என்று விற்கும் நன்னீர் மீன். வெள்ளைச் சதை, முள் குறைவு. அதைப் பிடிக்கும் வழிகளில் ஒன்று ட்றோலிங்: படகை மெல்ல ஓட்டியபடி, பின்னால் பிளாஸ்ரிக் பொய்மீன்களை இழுத்துச் செல்வது. அத்தான் ஒரு கராஜ் சேலில், யாரோ வீட்டுப் பழஞ்சாமான் விற்பனையில், ஆறு பொய்மீன்கள் வாங்கி வைத்திருந்தார். மீன்கள் புதிதுபோல மினுங்கின. அவற்றில் தொங்கிய கொழுக்கிகள், அதாவது தூண்டில் முட்கள்தான், துருப்பிடித்துப் போயிருந்தன. புதுக் கொழுக்கி வாங்கும் வேலை என்னிடம் வந்தது.

"தடிப்பாய், பெரிசாய் பாத்து எடு மச்சாள். கடலில அறக்குளா மீன் இழுத்த கை இது. சின்னக் கொழுக்கி எல்லாம் விளையாட்டுச் சாமான்."

வியாழன் மாலை, அஜின்கோர்ட்டில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து காரில் கால் மணி தூரத்தில் உள்ள ஒரு மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனேன். ஒரு முழுச் சுவர் கொழுக்கி. யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது. எனவே மற்றவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நெடுநேரம் நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் கடையில் வேலைசெய்த பிள்ளை கடைசியில் தானே கிட்ட வந்துவிட்டாள். கழுத்தில் சின்னச் சிலுவை, தலையில் கடைத் தொப்பி.

"அக்கா, தமிழோ? யூ லுக் லொஸ்ற். என்ன மீனுக்கு?"

"வோல்ஐ. ட்றோலிங்."

"ஓகே, ஸோ, வோல்ஐக்கு வாய் ஓரம் மெல்லிசு, ரைற்? போட் ஸ்லோவாத்தானே போகுது. தடிப்புக் கம்பி உள்ள போகாது. மெல்லிசா, ஷார்ப்பா எடுங்கோ. அண்ட் நம்பர் கூடக்கூட கொழுக்கி சின்னன், கொன்ஃபியூஸ் ஆகாதீங்கோ."

ஆறாம் நம்பர் நாலாம் நம்பரைவிடச் சின்னது. இது எனக்குப் புதிது. எங்கள் பொய்மீன்கள் பதினொரு சென்ரிமீற்றர் நீளம். வயிற்றில் ஒன்று, வாலில் ஒன்றாக இரண்டு மும்முனைக் கொழுக்கி. வயிற்றுக்கு ஆறாம் நம்பர் மும்முனை, வாலுக்கு மும்முனைக்குப் பதிலாக இரண்டாம் நம்பர் ஒற்றைக் கொழுக்கி என்று அவள் எடுத்துத் தந்தாள். "பெரிசு பிடிச்சால் ஈஸியா கழட்டி விடலாம். வலையிலயும் சிக்காது." அத்தானுக்காக ஒரு பெட்டி தடித்த கடல் கொழுக்கியும் வாங்கினேன். அவள் அதை ஸ்கேன் செய்யும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "தட்ஸ் ஃபோர், லைக், எ ஷார்க்" என்றாள்.

வெள்ளி இரவு இரண்டையும் மாட்டி ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஆசை. வீட்டில் நீளமாகத் தண்ணீர் நிற்கக்கூடிய பாத்திரம் ஒன்று கண்ணில் பட்டது. அதை நிரப்பினேன். கடல் கொழுக்கி மாட்டிய பொய்மீன் தலைகீழாகத் தொங்கியது. இழுத்தால் வயிற்றுக் கொழுக்கியும் வால் கொழுக்கியும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. மெல்லிய கொழுக்கியோடு அதே மீன் உயிர் வந்ததுபோல இடுப்பை ஆட்டி நீந்தியது. நான் மெய்மறந்து இழுத்துக்கொண்டிருக்க, பின்னால் அம்மாவின் குரல்.

"எடியேய்! பச்சைப்பிள்ளையைக் குளிக்க வாக்கிற தொட்டியடி உது!"

தொட்டியை மூன்று தரம் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இந்தக் கலவரத்தில் அத்தானிடம் முடிவைச் சொல்லாமலே படுத்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் "ஓம், ஓம்" என்றிருப்பார்.

சனி காலை நாலரைக்குப் புறப்பட்டோம். மூன்றாவது ஆள் எங்கள் பேஸ்மென்ரில் வாடகைக்கு இருக்கும் சரவணன். திருநெல்வேலிக்காரர், கணினி வேலை, மீன் என்றால் உயிர். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே பெல்வில் வரை ஏறத்தாழ 175 கிலோமீற்றர். அந்த நேரத்தில் ஒன்றே முக்கால் மணி போதும். வழியில் ஒரு கோப்பி. மோட்டர் படகு அரைநாளுக்கு 240 டொலர், பெற்றோல் தனி. ஆறரைக்கு எடுத்தால் பன்னிரண்டரைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஒன்ராறியோ ஏரியின் குவின்ரி விரிகுடா கண்ணாடிபோல இருந்தது. அத்தான் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டார். தன் தூண்டில் தடியிலும் சரவணன் தடியிலும் கடல் கொழுக்கி மாட்டிய பொய்மீன்களைக் கட்டினார். எனக்கும் ஒன்றை நீட்டினார். நான் "பிறகு கட்டுறன்" என்று சொல்லி வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகம், ஐந்து மீற்றர் ஆழம். ஒரு மணி நேரம் போனது. எட்டரையும் ஆனது. பக்கத்தில் போன படகில் ஒருவர் இரண்டாவது மீனைத் தூக்கினார்.

"அண்ணே, அவங்களுக்கு மட்டும் மீன் விசா குடுத்திருக்கா?" என்றார் சரவணன்.

"பொறும் தம்பி. கடலில இருக்கிற பொறுமை வேணும்."

"இது ஏரிண்ணே."

அத்தானின் பொய்மீன் ஒருக்களித்து, செத்த இலைபோல இழுபடுவது எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. கைபேசியை எடுத்து எடுத்து அக்காவின் செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்தார். நான் பையிலிருந்து என் பொய்மீனை எடுத்துக் கட்டி, படகோரமாகவே தண்ணீரில் விட்டேன். அது இடுப்பை ஆட்டிக்கொண்டு ஓடியது. அத்தான் அதைப் பார்த்தார். பிறகு தன்னுடையதை இழுத்து அதற்குப் பக்கத்தில் விட்டுப் பார்த்தார்.

"உது ஏன் இப்பிடி ஆடுது?"

"கொழுக்கி மெல்லிசு. உங்கட கொழுக்கியின்ர பாரம் அதை ஆட விடுதில்லை அத்தான்."

"எப்ப கண்டுபிடிச்சனீ?"

"நேற்று. பிள்ளையின்ர தொட்டியில."

சரவணன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. அத்தான் கொழுக்கி கழற்றும் குறடு ஒன்றை நீட்டினார். "இந்தா, மாத்து. எல்லாத்தையும் மாத்து."

மாற்றி இருபது நிமிடத்தில் சரவணனின் தடி வளைந்தது. அவர் எழும்பி நின்று முழுப் பலத்தோடு வெட்டி இழுத்தார், மீன் போய்விட்டது. ட்றோலிங்கில் படகின் ஓட்டமே கொழுக்கியை ஏற்றிவிடும். நாம் செய்ய வேண்டியது தடியைத் தளரவிடாமல் பிடித்து நிதானமாகச் சுற்றுவது மட்டும்தான்.

பதினொன்றரைக்கு அத்தானின் தடி வளைந்தது. அது வேறு மாதிரியான வளைவு. நெடுநேரம் இழுபறிப்பட்டு மீன் வலையில் ஏறியது. அளந்தோம்: எழுபத்தொரு சென்ரிமீற்றர். வயிறு பொன்னிறம், கண் கண்ணாடிக் குண்டு. விதிப்படி அந்தப் பெரிய அளவில் ஒன்றை வைத்திருக்கலாம். வால் கொழுக்கி வாய் ஓரத்தில் ஒற்றையாகக் குத்தி நின்றது.

"மாதாவே! என்ர பெண்சாதிக்குக் கடவுள் அனுப்பினது" என்றார் அத்தான். கண் கலங்கியிருந்தது.

"அத்தான், இது வேண்டாம்."

சொன்னது நான்தான். எனக்கே கேட்காத குரலில். திரும்பவும் சொன்னேன்.

"பெரிசு. அக்கா பால் குடுக்கிறா. நான் சொன்னனான்."

"அவளுக்குக் குடுக்காமல் நாங்கள் தின்னுவம். அவளுக்கு இன்னொண்டு பிடிப்பம்."

"ஆமா, நான் இருக்கேன்ல" என்றார் சரவணன். "இதை விட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா எங்க ஊர்ல சோறு போட மாட்டாங்க."

"வீட்டுக்குள்ள போனால் அம்மா என்ன செய்வா அத்தான்? நல்ல நடுத்துண்டு ஆருக்குப் போகும்?"

எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குத்தான் முதல் துண்டு, பெரிய துண்டு. அம்மாவிடம் பாதரசம் என்று சொன்னால், "நான் நாலு பெத்தனான், எனக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்பார். நாங்கள் பார்க்காத நேரத்தில் ஊட்டியும் விடுவார். அத்தானுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நேரம் பன்னிரண்டுக்குக் கிட்ட. இன்னொரு மீன் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வெறுங்கையோடு போய், நாளை விடிய லொறி ஏற வேண்டும்.

"கெதியாப் படம் எடு" என்றார். எடுத்தேன். ஒற்றைக் கொழுக்கி குறட்டின் ஒரு திருப்பலில் கழன்றது. மீனைத் தண்ணீருக்குள் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். அது செவுளை இரண்டு தரம் அசைத்து, வாலால் அவர் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போனது.

"போகும்போது அறைஞ்சுட்டுப் போகுதுண்ணே" என்றார் சரவணன், மெலிதாக.

தூண்டில்களைத் திரும்பவும் விட்டோம். பன்னிரண்டு இருபதுக்குப் படகைத் துறைப்பக்கம் திருப்பியாயிற்று. தூண்டில்களை மட்டும் இன்னும் தூக்கவில்லை. அப்போது என் தடி நடுங்கியது. வெட்டாமல், தளர்த்தாமல் சுற்றினேன். நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர், அக்காவுக்குக் கொடுக்கக்கூடிய அளவு. வயிற்றுக் கொழுக்கி ஆறாம் நம்பர். அத்தான் மீனை அல்ல, என்னைத்தான் கட்டிப்பிடித்தார். படகைப் பத்து நிமிடம் பிந்திக் கொடுத்தோம். துறைக்காரர் மீனைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்ராறியோவாசிகளுக்கு ஒருநாள் மீன்பிடி லைசென்ஸ் இணையத்திலேயே எடுக்கலாம். பன்னிரண்டு டொலருக்குச் சற்றுமேல். மோட்டர் படகு ஓட்ட அதற்கான அட்டை வேண்டும். எங்களில் அத்தானிடம் இருந்தது. மீன்பிடி காலமும் அளவு விதிகளும் மாறக்கூடியவை, போகுமுன் பாருங்கள். புதுக் கொழுக்கி, பழைய கொழுக்கியின் பாரத்துக்குக் கிட்ட இருக்கட்டும். முன் கொழுக்கி பின் கொழுக்கியை எட்டக் கூடாது. முனையை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள்; வழுக்கினால் மொட்டை, பிடித்தால் கூர். முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டால் மீனிலிருந்தும் உங்கள் விரலிலிருந்தும் சுலபமாகக் கழலும். கொழுக்கி மாற்றினால் பொய்மீனைப் படகோரம் விட்டு, ஆடுகிறதா என்று பார்த்த பிறகே தூர விடுங்கள். சோதனைக்குக் குழந்தைத் தொட்டி வேண்டாம்.

வீட்டுக்கு வர நாலு மணியாகிவிட்டது. திரும்பும் வழியில் ஒஷாவாவிலிருந்து நெரிசல். அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை பெரிய மீனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று காரிலேயே பேசி வைத்தோம். அம்மா சரக்கு அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஐந்தரைக்குக் கறி இறங்கியது. அக்கா முகர்ந்து பார்த்தாள். ஒரு வாய் வைத்தாள். பிறகு நாங்கள் நிற்பதையே மறந்துவிட்டாள். நடுத்துண்டு, வால் துண்டு, கடைசியாகத் தலை.

"இன்னும் கிடக்கோ அம்மா?" என்றாள்.

அம்மா குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தட்டு வெறுமையான பிறகுதான் அத்தான் கைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

"இவ்வளவு பெரிசையோ விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று அம்மா கத்தினார். "உங்களுக்கென்ன விசரோ?"

அத்தான் என்னைக் காட்டினார். "உவளைக் கேளுங்கோ."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வழமையாக அந்த இடத்தில் நான் எழும்பி அறைக்குள் போய்விடுவேன். அன்று போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்கு முதலிலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினேன்.