சிவபாண்டியின் வலது கை

சிவபாண்டி மூடிய ஊறுகாய் பாட்டிலைத் திறக்க சிவபாண்டியேதான் வர வேண்டும். பசுமலைக்கு அப்பால் இருக்கும் எங்கள் நூல் சாயப்பட்டறையில் பாய்லர் பார்ப்பவர். அந்த வலது கையைப் பற்றி அவருக்கு ஏகப்பட்ட பெருமை. சாய மாஸ்டரான எனக்கு அதே கையால் தலைவலி.

எல்லாம் சாயத்தொட்டிக்கு நீராவி விடும் வால்வால் வந்தது. அதற்குள் ஒரு தட்டு இறங்கி, வளையம் ஒன்றின்மேல் பொருந்தி உட்காரும். அந்த வளையத்தைத்தான் சீட்டு என்பார்கள். இவர் எவ்வளவு இறுக்கி மூடியும் ஆவி கசிந்தது. தொட்டி சூடேறி, என் அரக்கு நிறம் திட்டுத்திட்டாகிப் போனது. கசிகிறது என்றால் வால்வைத் திருகும் சக்கரத்தில் ஒரு பைப்பை நெம்புகோலாகக் கொடுத்து இன்னும் முறுக்குவார். ஒரே வருஷத்தில் மூன்று வால்வு காலி.

முதலாளி ரங்கநாயகி அம்மா கண்ணாடியைக் கழற்றினால் கோபம் என்று அர்த்தம். கழற்றினார்.

"அடுத்ததும் ஒழுகுச்சுன்னா பாய்லருக்கு வேற ஆள் பாத்துக்கிறேன், சிவபாண்டி."

பதினெட்டு வருஷமாகப் பார்க்கும் பாய்லர். மனுஷனுக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. பழைய வால்வைப் பிரித்து வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். சீட்டில், குழாய் வழியே வந்த வெல்டிங் துகள் ஒன்று மிளகு அளவுக்கு அமுங்கிக் கிடந்தது.

"மாஸ்டரண்ணே, வேற எவன் மூடியிருந்தாலும் என்னமோ தடுக்குதேன்னு நிறுத்தியிருப்பான். ஏங்கைக்குத்தான் தெரியல. நாந்தேன் இத உள்ள அமுக்கியிருக்கேன்."

புது வால்வை மாட்டுமுன் எல்லாரையும் ஒதுங்கச் சொல்லிவிட்டு, வெறும் குழாயில் ஆவியை ஊதவிட்டார். எதிர்ச்சுவரில் துருவும் துகளும் சடசடவென்று தெறித்தன. மாட்டி முடித்ததும் அம்மாவைக் கூட்டிவந்தார். அம்மாவுக்கு அறுபது வயது, ஒல்லி உடம்பு.

"நீங்க மூடுங்கம்மா. ஏங்கைய நான் நம்பல."

அம்மா பூட்டில் சாவி திருப்புவதுபோல் மூடினார். தொட்டியின் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி மூன்று பேரும் அரை மணி நேரம் நின்றோம். முள் ஏறவே இல்லை. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு நேரத்தோட வந்துரு" என்றார். சிவபாண்டி சிரித்த சிரிப்பில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

இப்போதெல்லாம் வால்வை இடது கையால்தான் மூடுகிறார். கசிந்தால் முறுக்குவதில்லை. லேசாகத் திறந்து, சீட்டில் இருக்கும் துகளை ஆவியாலேயே கழுவிவிட்டு மறுபடி மூடுகிறார்.

"அப்ப வலது கை எதுக்கு மாப்ள?" என்று கேட்டேன்.

"ஊறுகா பாட்டிலுக்குண்ணே."