சாமி தெரிந்த மானிட்டர்

செருப்பு வாங்கப் போகிறவன்கூடக் காலில் போட்டு நாலு எட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குகிறான். எங்கள் அலுவலகத்தில் மட்டும், காலையிலிருந்து சாயங்காலம் வரை நாங்கள் கண்ணைக் கொடுத்து உட்கார வேண்டிய கம்ப்யூட்டர் திரையை, அதன் முன்னால் ஒருநாளும் உட்காரப் போகாதவர்கள் பத்தடி தள்ளி நின்று, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே தேர்ந்தெடுத்தார்கள். இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் புரோகிராமராக இருந்தேன். கணவருக்கு ரயில்வே பட்டறையில் வேலை, வீடு மல்காஜ்கிரியில். சம்பளப் பட்டியல், ஸ்டோர்ஸ் இருப்பு என்று எல்லாவற்றுக்கும் புரோகிராம் எழுதுவது என் வேலை. எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, நான் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற ஒரே ஜீவன் அந்த இயந்திரம்தான்.

திரைதான் எமன். பச்சை எழுத்துகள் ஓரத்தில் நடுங்கும். எட்டு எது, 'பி' எது என்று தெரியாது. பின்னால் இருக்கிற ஜன்னலின் வெளிச்சம் திரைக் கண்ணாடியில் விழுந்து, என் புரோகிராமுக்கு நடுவே என் முகமே கடுகடுவென்று உட்கார்ந்திருக்கும். மதியத்துக்குள் நெற்றிப் பொட்டில் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு வலி தொடங்கிவிடும். சிகந்தராபாத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனேன். அவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்று திரையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேலையை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டார்.

இது எங்கள் பிரிவுத் தலைவர் காதுக்குப் போனது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. ஸ்டோர்ஸ் பிரிவில் ஒரு காலியிடம் இருக்கிறது, நட்டும் போல்ட்டும் எண்ணுகிற வேலை, கண்ணுக்கு நல்லது என்று தெலுங்கும் ஆங்கிலமுமாக ஆறுதல் சொன்னார். அன்று பஸ்ஸில் ஹப்சிகுடா தாண்டுகிறவரை எனக்கு அழுகையாக வந்தது. நல்ல திரை வந்தால் நான் புரோகிராமர். வராவிட்டால் நட்டு எண்ணுகிறவள். விஷயம் அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் புது கம்ப்யூட்டர் வாங்க அனுமதி வந்தது. கூடவே புது மானிட்டர்கள். தேர்வுக் குழு ஒன்று போட்டார்கள். பிரிவுத் தலைவர், கொள்முதல் அதிகாரி, கணக்கு அதிகாரி. உபயோகிப்பவர்கள் சார்பில் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஏதோ விதி இருந்ததால் கறிவேப்பிலையாக நான். லட்ச லட்சமாகக் கொட்டி யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கூட்டம் அது. இருந்தாலும் எனக்கு உள்ளூர சந்தோஷம். வாய் இருக்கிறதே, பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, மீட்டிங் ஹாலில் இரண்டு மானிட்டர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்று அம்பர் நிறம், அதாவது இளஞ்சூட்டுத் தேன் மாதிரி மஞ்சள் எழுத்து. கண்ணாடி மங்கலாக, எதிரே இருப்பது தெரியாதபடி இருந்தது. கழுத்தை நம் உயரத்துக்குச் சாய்த்துக்கொள்ளலாம். அதைக் கொண்டுவந்த பிள்ளை, பாவம், திரை முழுக்க எழுத்தும் எண்ணுமாக வரிசையாக நிரப்பி வைத்திருந்தான். வேலை பார்க்கிறவளுக்கு வேண்டியது அதுதான். அதை எட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் மனம் வரவில்லை.

இன்னொன்று பளபளவென்று பச்சை. பழைய எமனுக்குத் தம்பி. ஆனால் அதைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆட்களை நன்றாகப் படித்தவர். சுவிட்சைப் போட்டார். மேலிருந்து ஒவ்வொரு வரியாக, வெறும் நட்சத்திரக் குறிகளும் 'எக்ஸ்' எழுத்துகளுமாகச் சேர்ந்து, கிரீடம், நாமம், சங்கு, சக்கரம் என்று ஏழுமலையான் நின்றுவிட்டார்.

கொள்முதல் அதிகாரி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினார். பிரிவுத் தலைவர் கோவிந்தா என்றார். கணக்கு அதிகாரி எங்கள் தமிழ்க்காரர், கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்து சைனிக்புரியில் வீடு கட்டிக்கொண்டவர், பைசாவுக்கு இரண்டு கேள்வி கேட்கிறவர். அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். தேநீர் கொண்டுவந்தவர் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். எனக்கும் கை தானாக ஒரு நொடி எழுந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு நினைவு வந்தது. "சார், ரெண்டுலயும் நம்ம சம்பள புரோகிராமைப் போட்டுப் பாக்கலாம்," என்றேன். "ஆளுக்குக் கொஞ்ச நேரம் கிட்ட உக்காந்து படிங்க. அப்பதான் எது நல்லதுன்னு தெரியும்."

"அதுக்கு இவரை அழிக்கணுமே?" என்றார் கணக்கு அதிகாரி.

"ஆமா சார். அழிச்சிட்டுத்தான் போடணும்."

"ஏம்மா, சனிக்கிழமையும் அதுவுமா பெருமாளை அழிக்கச் சொல்றியே! உனக்கே நல்லாருக்கா?"

கொள்முதல் அதிகாரி இரண்டு கையையும் தூக்கி, வேண்டவே வேண்டாம் என்று ஹைதராபாத் இந்தியில் பதறினார். "நக்கோ மேடம், நக்கோ! பகவான் ஹை."

நான் பிரிவுத் தலைவரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். விற்க வந்தவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மார்பில் கட்டிக்கொண்டார். அவருக்கென்ன, சாமி நிற்க நிற்க ஆர்டர் நிச்சயம். ஒரு விசையைத் தட்டினால் போகிற நட்சத்திரக் குறிகள்! அதைத் தட்ட அந்த ஹாலில் ஒரு விரல் இல்லை. எல்லாரும் படித்தவர்கள் வேறு.

"சார், அந்தப் பெருமாளே தினமும் இந்தத் திரை முன்னாடி உக்காந்து கணக்குப் பாத்தார்னா அவருக்கும் தலைவலி வரும் சார்," என்று சொல்லிவிட்டேன். கணக்கு அதிகாரி அபச்சாரம் அபச்சாரம் என்று காதைப் பொத்திக்கொண்டார். என் ஸ்டோர்ஸ் மாற்றலுக்கு நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. எங்கள் ஊர் மின்சாரம் எனக்குச் செய்த ஒரே நன்மை அது. சாமி தானாகவே மலையேறிவிட்டார். யார் தலையிலும் பாவம் இல்லை. கரண்ட் வந்ததும் விற்க வந்தவர் திரும்பவும் படத்தை ஏற்றுவதற்குள் நான் முந்திக்கொண்டு என் புரோகிராமை இரண்டு திரையிலும் ஏற்றச் செய்துவிட்டேன். கணக்கு அதிகாரியைக் கையைப் பிடிக்காத குறையாக உட்காரவைத்து, பச்சைத் திரையில் ஒரு ஊழியர் எண்ணைப் படிக்கச் சொன்னேன்.

அவர் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். எட்டு என்றார். அது 'பி'. அடுத்ததை 'பி' என்றார். அது எட்டு. அம்பர் திரைக்கு மாற்றி உட்காரவைத்ததும், நாற்காலியில் சாய்ந்தபடியே கடகடவென்று படித்துக்கொண்டு போனார்.

"இதுதாம்மா நல்லாருக்கு," என்றார், மெதுவாக, என் காதுக்கு மட்டும்.

"அப்ப இதையே எழுதிடுங்க சார்."

"எழுதறதா? எப்படி எழுதறது? எல்லாரும் நின்னு கும்பிட்டாச்சு. இப்ப அது வேணாம்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வேன்?"

கடைசியில் பிரிவுத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டையும் வாங்குவது. பச்சை நிறைய, அம்பர் கொஞ்சம். புரோகிராமர்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். ஆக, கொஞ்சம் என்றால் எங்களுக்கு என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அன்று வீட்டுக்குப் போய் பால்பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று கணவர் கேட்டார். எனக்கு வேலை நிலைத்துவிட்டது என்றேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது அந்தப் பாயசம் வைத்தவளுக்குத் தெரியாமல் போனது. மானிட்டர்கள் வந்து இறங்கின. அம்பர் எண்ணிக்கையில் குறைவு, விலை கொஞ்சம் கூட. எங்கள் அலுவலகத்தில் குறைவாக இருப்பதும் விலை கூடியதும் யாருக்குப் போகும் என்பதற்கு நாற்காலிச் சட்டம் ஒன்று உண்டு. குமாஸ்தாவுக்குக் கை வைக்காத நாற்காலி. அதற்கு மேலே கை வைத்தது. அதற்கும் மேலே சுழல்வது. உச்சியில் இருப்பவருக்குச் சுழல்வதோடு முதுகில் ஒரு துண்டு. மானிட்டருக்கும் அதே சட்டம்தான். அம்பர் முழுவதும் அதிகாரிகள் அறைக்குப் போனது. பச்சை எங்களுக்கு.

அதிகாரிகள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார்கள். ஆயுத பூஜைக்கு உறையைக் கழற்றி, நட்டநடுக் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, திரும்ப மூடினார்கள். பிரிவுத் தலைவர் அறையில் இருந்ததற்கு விசைப்பலகையே பிளாஸ்டிக் பையிலிருந்து வெளியே வரவில்லை. நான் போய்க் கேட்டேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், காது கொடுத்துக் கேட்டார். பிறகு, இதை உங்களுக்குக் கொடுத்தால் என் கிரேடுக்கு என்ன மரியாதை, நாளைக்கு நாற்காலியையும் கேட்பார்களே என்றார். நீங்களும் ஒருநாள் அதிகாரி ஆவீர்கள், அப்போது இது தானாக உங்களிடம் வரும் என்றும் சொன்னார்.

அம்பரில் எனக்குக் கிடைத்தது அது வந்த அட்டைப்பெட்டி. காலிப்பெட்டிக்கு கிரேடு கிடையாது. அதை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கணவர் அதன் அடியை அறுத்து, உள்பக்கம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசினார். திரைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முகமூடி. ஜன்னல் வெளிச்சம் விழாது. என் மகள் பள்ளிக்கூடத்து இந்தியும் வீட்டுத் தமிழுமாக, ஏன் என்று கேட்டுச் சிரித்தாள். "கைக்கு மம்மி? பெட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டா வேலை பாக்கப் போறே?"

"ஹவ்," என்று அவள் பாஷையிலேயே ஆமாம் போட்டேன். "வேற வழி இல்லடி."

அப்படித்தான் பார்த்தேன். ஆபீசில் கண்பட்டை கட்டிய குதிரை என்று கேலி செய்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் மற்ற புரோகிராமர்களும் ஆளுக்கொரு பெட்டி தேடிக்கொண்டு வந்தார்கள். எங்கள் அறையே மளிகைக் கடைக் கிடங்கு மாதிரி ஆனது. டில்லியிலிருந்து வந்த ஒரு பெரியவரிடம் பிரிவுத் தலைவர் அதைக் காட்டி, எங்கள் பிரிவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமை வேறு பட்டுக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியை அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். ஆனால் வலி குறைந்தது. முழுக்கப் போகவில்லை, தாங்கக்கூடியதாக ஆனது. நான் நட்டு எண்ணப் போகவில்லை. அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எழுதிய புரோகிராம்கள்தான் நான் எழுதியதிலேயே நல்லவை.

வருடங்கள் போயின. பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். வரிசையில் என் முறை வந்தது, அதிகாரி ஆனேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அதிகாரிகள் புரோகிராம் எழுதுவதில்லை, அதற்கென்று கீழே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது எங்கள் வழக்கம். "வேணாம்னா உனக்குப் பின்னாடி வந்தவங்க உனக்கு மேலே உக்காருவாங்க," என்றார் கணவர். "அப்புறம் அதுக்கும் உனக்குத் தலைவலி வரும்." அவர் சொன்னது சரிதான். கணக்கு அதிகாரி மாடிப்படியில் என்னைப் பார்த்து, "இனிமே உன் கண்ணு பொழைச்சுதும்மா," என்று வாழ்த்தினார்.

ஓய்வு பெற்றவரின் அறையே எனக்கு வந்தது. சுழல் நாற்காலி, முதுகில் துண்டு, மூலையில் பூப்போட்ட உறை. பதவியேற்ற அன்று காலையில் முதல் வேலையாகக் கதவைச் சாத்திவிட்டு உறையைக் கழற்றினேன். நடுக்கண்ணாடியில் பழைய குங்குமம் காய்ந்து போயிருந்தது. முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். விசைப்பலகையைப் பையிலிருந்து பிரித்து மாட்டினேன். கழுத்தை என் உயரத்துக்குச் சாய்த்தேன். சுவிட்சைப் போட்டதும் அந்த மஞ்சள் எழுத்து மெதுவாக எழுந்து வந்தது. அன்று ஹாலில் பார்த்த அதே எழுத்து. நடுக்கமில்லை, ஜன்னல் இல்லை, என் முகம் இல்லை.

சம்பள புரோகிராமில் பாதியில் விட்டிருந்த இடம் ஒன்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதை முடித்துவிடலாம் என்று என் பெயரையும் ரகசியச் சொல்லையும் அடித்தேன்.

உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. தவறாக அடித்துவிட்டேனோ என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே வரி. அதிகாரி ஆனதால் புரோகிராமர்கள் வரிசையிலிருந்து என் பெயரை அன்று காலையே எடுத்துவிட்டார்களாம். எதற்கும் மாதக்கணக்கில் இழுக்கிற எங்கள் அலுவலகத்தில் சொன்ன நேரத்துக்கு நடந்த வேலை அது ஒன்றுதான்.

நாற்காலியில் சாய்ந்தபடியே அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு தெளிவு. கண் துளிகூட வலிக்கவில்லை.