மழை நாளில் மாத்திரை போடாத அல்போன்ஸ்

தேயிலைக்காட்டில் களைக்கொல்லி அடிக்கிற கூட்டத்துக்கு அல்போன்ஸ் கங்காணியாக இருந்த காலத்தில், வானத்தைப் பார்க்காமல் யார் முதுகிலும் மருந்து டாங்கியை ஏற்றவிட மாட்டார். மேகம் திரண்டால் வேலை நிற்கும். "இப்ப அடிச்சா மழையில கழுவிட்டுப் போயிடும் துரை. புல்லு சாகாது, ஆத்து மீனுதான் சாகும்" என்று மேனேஜரிடமே சொல்லிவிட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகும் சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். போன வருஷம் என்னவோ ஆனது. காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் மத்தியானம்வரை அங்கேயே இருப்பார். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்."

அவர் மனைவி கத்தரீன் பயந்ததே அதில்தான். கியா பார்ம் சந்தையின் முட்டைக்கோஸ் விலை முதல் பேரப்பிள்ளையின் பெயர்வரை, எதையுமே அவள் இஷ்டத்துக்கு விட்ட மனுஷன் இல்லை அவர். மறுவாரமே டவுன் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மனச்சோர்வு, அங்கிள்" என்றார் டாக்டர் ரூபினி. "வயசானா இப்படித்தான்னு விட்டுடக்கூடாது. குறைஞ்ச அளவுல ஆரம்பிப்போம். தினமும் ஒரு மாத்திரை. பலன் தெரியச் சில வாரம் ஆகும்."

அல்போன்ஸ் தலையாட்டினார். களைகூட அடித்த அன்றைக்கே கருகுவதில்லை.

நவம்பர் வந்தது. மழை விட்டால்தானே. அடுத்த முறை கிளினிக்குப் போனபோதும் அவர் அதே ஆளாகத்தான் இருந்தார். டோஸைக் கூட்டலாம் என்று பேனாவை எடுத்த டாக்டர், எதற்கும் இருக்கட்டுமென்று கேட்டார்.

"ஒரு நாளும் விடலையே, அங்கிள்?"

"ஒழுங்கா போடறேன். மழை இல்லாத நாள்ல."

பேனா நின்றது. "மழைக்கும் இதுக்கும் என்ன?"

"கழுவிட்டுப் போயிடும்ல?"

கத்தரீன் நெற்றியில் கை வைத்தாள். "நான் கேட்டப்பல்லாம் போட்டாச்சுன்னீங்களே."

"நீ வெயில் நாள்லதானே கேட்ட. மழை வந்தா உனக்குத் துணி எடுக்கவே நேரம் பத்தல."

"அங்கிள், உங்க வயித்துக்குள்ள மழை பெய்யாது."

"நல்லாச் சொன்னீங்க. மழை நாள்ல எத்தனை மங்கு தேத்தண்ணி குடிக்கிறேன் தெரியுமா? எல்லாம் அங்கதானே போகுது."

ரூபினி குனிந்து மேஜை டிராயரில் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "குடிங்க லா, அது ஒண்ணும் பண்ணாது. மாத்திரை ரத்தத்துல ஏறிடும். தினமும் போட்டாத்தான் நிலையா நிக்கும்."

"அப்ப விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்து நாளைக்கே அடிச்சு முடிச்சிடவா?"

"வேண்டாம், அங்கிள். நாளைக்கு ஒண்ணுதான். நல்லாயிட்ட மாதிரி இருந்தாலும் என்னைக் கேக்காம நிறுத்தக்கூடாது."

டோஸ் கூடவில்லை. அல்போன்ஸுக்கு முழுச் சம்மதமும் இல்லை. மறுநாள் காலை நல்ல மழை. கத்தரீன் மாத்திரையை நீட்டினாள், அவர் கை நீளவில்லை. கண்ணெதிரே கொட்டும்போது ஒரு பொருளை எப்படி வீணாக்குவது? ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினாள். திரையை இழுக்கச் சொன்னார். இழுத்தாள். கடைசியில் பழைய மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி விழுங்கினார்.

"இப்ப ஒரு சொட்டு உள்ள போகாது" என்றார்.

கத்தரீனுக்கு எப்படியோ மாத்திரை இறங்கினால் சரி. மழை பெய்த ஒவ்வொரு காலையும் அவளே கோட்டை எடுத்துப் பிடித்தாள்.

சில வாரம் போனது. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"என்ன கத்தரீன் இது, ரசத்துல புளியே இல்ல?"

அவள் நிமிர்ந்தாள். "இல்லியா?"

"நேத்தும் இல்ல. நேத்தே சொல்லணும்னு இருந்தேன்."

"முந்தாநாள்?"

யோசித்தார். "அது இதைவிட மோசம்."

கத்தரீன் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். கண்ணை வேறு துடைத்துக்கொண்டாள். அல்போன்ஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறை சொன்னால் இப்படிக் குளிர்ந்துபோகிறாளே, அடுத்த தடவை போகும்போது இவளையும் அந்த டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.