கை வைக்காத நான்கு தூண்கள்

பலகையைக் கழற்றியதும் அந்தக் கை தெரிந்தது. சிமெண்டுக் குழம்பில் தோய்த்துத் தூணின் மேல் அழுத்திய ஒரு வலது உள்ளங்கை. என் இடுப்பு உயரத்தில், ஐந்து விரல்களும் விரிந்து, சுண்டுவிரல் மட்டும் சற்றுக் கோணலாக இருந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் தேக்குப் பலகைக்குப் பின்னால் மறைந்திருந்ததால் நேற்று வைத்ததுபோல் இருந்தது.

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தின் பக்கம் இருக்கிறது அந்த ஏழு மாடிக் கட்டடம். கப்பல் கம்பெனிகளின் அலுவலகங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் புறாக்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. இப்போது அதைப் புதுப்பிக்கிறார்கள். மேல் மாடிகளில் கண்ணாடித் தடுப்புகளோடு புது அலுவலகங்கள் வருகின்றன. கீழ்த்தளத்தில், தெருவில் போகிற யாரும் நுழைந்து உட்கார ஒரு பெரிய கூடம். அதற்காக வடக்குப் பக்கச் சுவரை முழுவதும் இடித்துத் திறந்துவிடுவதாகத் திட்டம். கட்டிய காலத்து ஆட்களில் அவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது என்னை மட்டும்தான். பழைய வரைபடங்களை விளக்கிச் சொல்ல அழைத்திருந்தார்கள். நான் அப்போது அங்கே சைட் இன்ஜினியர்.

வேலையை நடத்தும் இன்ஜினியர் ஒரு பெண், என் பேத்தி வயது. தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் சிரித்தார்.

"சார், எல்லாத் தூண்லயும் கை இருக்கு. வடக்கு வரிசை நாலுல மட்டும் காணோம். கை வச்ச அண்ணாச்சி அன்னைக்கு லீவா?"

"மறந்திருப்பார்" என்றேன்.

பொய். அந்தக் கைக்குரிய மேஸ்திரி எதையும் மறக்கிற மனிதர் இல்லை.

என்னைவிடப் பத்து வயது மூத்தவர் அவர். கறுத்து ஒல்லியாக இருப்பார், பேச்சு எப்போதும் குத்தலாக வரும். காலையில் வந்ததும் தண்ணீர் டிரம்மிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார். நல்ல தண்ணீர்தான் என்று நாக்கு சொன்ன பிறகே கலவை போட விடுவார். வார்ப்புப் பலகை பிரித்த தூண் நேராக, பொத்தல் இல்லாமல் நின்றால், சிமெண்டுக் குழம்பில் கையை முக்கி அதன் மேல் பதிப்பார். "இது எதுக்கு மேஸ்திரி, மாட்டுக்குச் சூடு போடுத மாதிரி?" என்று ஒருநாள் கேட்டேன். "நீங்க வரைபடத்துல கையெழுத்துப் போடுதீய. எனக்குப் போட வராது, அதான்" என்றார்.

வடக்கு வரிசைக்குக் கான்கிரீட் போட வேண்டிய வாரம் நல்ல தண்ணீர் லாரி வரவில்லை. மூன்று நாள் காத்திருந்தோம். சைட்டில் ஒரு கிணறு உண்டு. கடலுக்கு அத்தனை அருகில் இருக்கிற கிணற்றின் தண்ணீர் எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். நான்காம் நாள் முதலாளி வந்து, "படிச்சவன்னுதான உன்ன வச்சேன். தண்ணி இல்லைனு சொல்லதுக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போனார். கிணற்றுத் தண்ணீரை ஊற்றச் சொன்னேன்.

மேஸ்திரி ஒரு வாய் அள்ளித் துப்பினார். "சார், இதுல சோறு பொங்கினா உப்பே போட வேண்டாம். கம்பிய அரிச்சிரும்."

"எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஊத்துங்க."

உப்பு இரும்பை என்ன செய்யும் என்று கல்லூரியில் படித்துத் தேறியவன் நான். தெரியாமல் செய்ததல்ல. வேலை போய்விடும் என்கிற பயம் பாதி, ஆட்கள் முன்னால் தலைகுனிந்த ஆத்திரம் பாதி. அவர் வேலையை முடித்துக் கொடுத்தார். பலகை பிரித்தபோது நான்கும் வழுவழுவென்று நின்றன. அவற்றின் மேல் மட்டும் கை வைக்கவில்லை. பார்த்தேன், கேட்கவில்லை.

கட்டடம் திறந்து சில வருடங்களில் அந்த நான்கில் ஒன்றில் மேலே அடித்திருந்த தேக்குப் பலகை உப்பி, கான்கிரீட் சில்லு பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருப்பிடித்த கம்பி. முதலாளி என்னையும் மேஸ்திரியையும் கூப்பிட்டு நிறுத்தினார். "எவம்லே கெணத்துத் தண்ணிய ஊத்தினது?" மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் மேசைமேல் இருந்த காகிதக் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப சரி" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். எனக்குத் தெரியாமல் அவர்தான் கிணற்றுத் தண்ணீரைக் கலந்தார் என்று அன்று மாலையே அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அவருடைய முழுப் பெயரும் அதில் இருந்தது. சிமெண்டு பூசிப் பலகையை மீண்டும் அடித்து மூடினோம். அதன் பிறகு ஊரில் யாரும் அவருக்குக் கட்டட வேலை தரவில்லை. உப்பளத்துக்குக் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்குப் பதவி உயர்ந்தது.

"மறந்திருப்பார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தேன். பரிசோதனைக்கு அவர்கள் கான்கிரீட் மாதிரி எடுத்த தூண்களின் பட்டியலை என்னிடம் காட்டியிருந்தார்கள். கிழக்கிலும் தெற்கிலும்தான் எடுத்திருந்தார்கள். வடக்குச் சுவரை இடித்துவிட்டால் அந்த நான்கும் துணையில்லாமல் ஆறு மாடியைச் சுமக்க வேண்டும். அதன் அடியில் வெயிலுக்கு ஒதுங்கி யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

மறுநாள் காலை போய் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று சொன்ன பொய்யையும் சேர்த்து. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். "இத எழுதித் தருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நான்கையும் குடைந்து பார்த்தார்கள். கம்பி விரல் பட்டாலே உதிர்ந்தது. சுவர் இடிப்பதை நிறுத்தி, முதலில் முட்டுக் கொடுத்தார்கள். இப்போது அந்த நான்கு தூண்களும் புதுக் கம்பியும் புதுக் கான்கிரீட்டும் சுற்றி, மற்றவற்றைவிட ஒரு மடங்கு பருமனாக நிற்கின்றன. கூடம் திறந்தாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். கல்லூரிப் பிள்ளைகள் அந்தத் தூண்களில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னால் அங்கே பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை.

மேஸ்திரி இறந்து பல வருடமாகிறது. அவர் மனைவி இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். நான் போன நேரம் தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"தண்ணி வாரது இந்த ஒரு மணி நேரந்தான். அங்கன நிண்ணுக்கிட்டே சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். ஒரு குடம் நிறைந்து இன்னொரு குடத்தை வைத்தார்.

"இத அந்த மொதலாளிட்ட சொல்லியாச்சா?"

"அவர் போய்ச் சேர்ந்துட்டாரும்மா."

"எங்க வீட்டு ஆளும் போயாச்சு. எல்லாரும் போன பெறவு எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய? உப்பளத்துல காலெல்லாம் வெடிச்சு வந்து கெடக்கும்போது சொல்லியிருக்கணும். 'கள்ளத் தண்ணி மேஸ்திரி'ன்னு இந்தத் தெருவே கூப்பிட்டுச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. "ஊரு பூரா தெரியும்படியா சொல்லுங்க. அதுக்குப் பெறவு பாப்போம்" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். எழுதினால் மேஸ்திரியின் பெயரைப் போட்டு, அவர் குற்றமற்றவர் என்று எழுதுகிறேன் என்றேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டவர் நின்று திரும்பினார்.

"பேரு வேண்டாம். அவிய பேர நீங்க ஒருக்க எழுதினது போதும்."