குளிர்பெட்டிக்கு விளக்கு வைத்த செல்வின்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது செல்வினின் மனைவி ரோஸ்லின் போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, அவுக போயிட்டாக. பெட்டியை எடுத்துட்டு வாங்க." வாயில் நுரையோடு நின்ற எனக்கு முதலில் அழுகை வரவில்லை. போன முறை கழுவி வைத்த பெட்டி சரியாக ஓடுமா என்ற கவலைதான் வந்தது. செல்வினை அறிந்தவர்கள் இதைத் தப்பாக நினைக்க மாட்டீர்கள்.

பெட்டி என்றது, பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கிய குளிர்பெட்டியை. சாவு விழுந்த வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைப்பதற்கானது. நானும் செல்வினும் பேட்டையில் ஒரே பட்டறையில் மோட்டார் காயில் சுற்றியவர்கள். வேலையை விட்டபிறகு பெட்டியின் பராமரிப்பை அவர் ஏற்றுக்கொண்டார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்.

ஒருமுறை ஒரு வீட்டில் பிளக் நழுவி, பெட்டி சத்தமில்லாமல் சூடேறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. துபாயிலிருந்து ஓடிவந்த மகனுக்கு அப்பாவின் முகத்தைக் காட்ட முடியாமல் போயிற்று. அந்தப் பையன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததிலிருந்து செல்வினுக்கு நிம்மதி இல்லை. உள்ளே ஒரு சென்சார் வைத்து, வெளியே சிவப்பு எல்.இ.டி. எழுத்தில் எண் தெரிகிற மாதிரி தானே ஒரு கருவி செய்து மாட்டினார். அதையும் யாரும் பார்க்கவில்லை. "அழுதுகிட்டு இருக்கவன் நம்பரையா பாப்பான்? அதுவா கண்ணைப் பிடிச்சு இழுக்கணும் வே," என்றவர், பத்து டிகிரிக்கு மேலே போனால் எண் விட்டுவிட்டு மின்னும்படி மாற்றினார். ஒரு பஸ்ஸர் வைத்தால் வேலை சுளுவாக முடியுமே என்றேன். "சாவு வீட்டுல கூவுத சாமானை வைக்கச் சொல்லுதீரே, உமக்குக் கூறு இருக்கா?" என்று சீறினார்.

அந்த விளக்கும் அவரைப் பாடாய்ப் படுத்தியது. விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டுக்குப் பெட்டி போயிருந்தது. கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில், இறந்தவரின் தலைமாட்டில் எண் மின்னத் தொடங்கியதும் அவருடைய தங்கச்சி எழுந்து அலறினார். "ஏ, அங்கன பாருங்க, துடிக்கி! அண்ணனுக்கு உசுரு இருக்கு!" ஆஸ்பத்திரியில் பார்த்த மெஷின் ஞாபகம் அந்த அம்மாவுக்கு. வீடே பெட்டிமேல் விழுந்தது. "அது பெட்டியோட சூடும்மா, உசுரு இல்லம்மா," என்று சொல்ல வேண்டிய கொடுமை செல்வின் தலையில் விழுந்தது. மறுநாளே எண்பலகையைக் கால்மாட்டில் தாழ்வாக மாற்றி, 'பெட்டியின் குளிர்' என்று பெயிண்டில் எழுதியும் வைத்தார்.

அந்தப் பெட்டியில் செல்வின் படுத்தார். ஒரே மகள் ஜெனி மஸ்கட்டிலிருந்து மறுநாள் மதியம்தான் வர முடியும். வெளியே சித்திரை வெயில். நான் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதல் நாள் ஒழுங்காக ஓடியது. மறுநாள் காலை ஆட்கள் வரவர எண் ஏறியது, ஏறி மின்னவும் தொடங்கியது. பிளக் சரியாக இருந்தது, கரண்டும் இருந்தது. குனிந்து பார்த்தால், வந்தவர்கள் போட்ட மாலைகள் கீழே குவிந்து, மோட்டாருக்குக் காற்றுப் போகிற வழியை அடைத்திருந்தன. இரண்டு கையாலும் அள்ளி முற்றத்தில் போட்டேன்.

"பெரிய மனுசங்க போட்ட மாலையைத் தூக்கி எறியுதாரே, என்ன ஆளு இவரு!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். என் கண் எண்பலகையில்தான் இருந்தது.

எண் பைய இறங்கியது. பத்துக்குக் கீழே வந்தும் மின்னுவது நிற்கவில்லை. ஏழுக்கு வந்தால்தான் நிற்கும், அப்படித்தான் அமைத்திருந்தார். "பத்துக்கு ஒரு நூல் கீழ வந்ததும் பயம் போயிட்டுன்னு எந்திரிச்சுப் போயிருவீரு. பயந்தா ஒழுங்காப் பயப்படணும் வே," என்பார். அன்று ஒழுங்காகத்தான் பயந்தேன்.

எண் எட்டில் நிற்கும்போது கார் வந்தது. பெட்டியின் கண்ணாடி மூடி வழியே அப்பாவைப் பார்த்து ஜெனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தொடட்டும் என்று நான்கு பேர் மூடியில் கை வைத்தார்கள். அவளோ குனிந்து கால்மாட்டைப் பார்த்தாள்.

"இன்னும் மின்னுதே மாமா."

"ஏழுக்கு வரணும்மா."

"அப்போ திறக்காதீங்க. நிக்கட்டும்."

இவ்வளவு தூரம் வந்த பெண் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைக்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். விளக்கு மின்னாமல் நின்றது. மூடியைத் திறந்தோம். அப்பாவின் நெற்றியில் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு ரொம்பக் குளிருது மாமா," என்று உடைந்து அழுதாள். குளிர வேண்டும், குளிர வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்த என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் நானும் அழுதேன்.

செல்வினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய பயத்தைத்தான். பெட்டி போகிற வீட்டுக்கெல்லாம் இப்போது நானும் போகிறேன். கால்மாட்டில் உட்கார்ந்து, விழுகிற மாலைகளை ஒதுக்குகிறேன். ஏசுகிறார்கள். ஏசட்டும். வர வேண்டிய பிள்ளை வந்து சேரும்வரை நான் எழுந்திருப்பதில்லை.