பௌர்ணமி ரூமும் சேலத்துப் பஞ்சாங்கமும்

2003-ஆம் வருடம். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டே, தெரிந்த லாட்ஜ்கார அக்காவுக்கு ரூம் புக் செய்யும் வெப்சைட் ஒன்று செய்து கொடுத்தேன். என் முதல் வெப்சைட்! எனக்குத் தலைகால் புரியவில்லை. 'பௌர்ணமி ரூம்' என்ற பட்டனை அழுத்தினால் போதும், தேதியை அதுவே போட்டுக்கொள்ளும். தினசரி காலண்டரைப் பார்த்து நான்தான் தேதிகளை ஏற்றியிருந்தேன்.

முதல் மாதமே பதினோரு குடும்பங்கள் புக் செய்துவிட்டன. பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன். "இன்னாடி பண்ணி வச்சிருக்க? சீக்கிரம் வா!"

ஓடினேன். பெங்களூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, சனிக்கிழமை கிரிவலத்துக்கு வருகிறோம், ரூம் ஏன் ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருக்கிறது என்று கேட்டாராம். காலண்டரை எடுத்துத் திதி நேரத்தைப் பார்த்தேன். பௌர்ணமி திதி சனிக்கிழமை சாயங்காலமே ஆரம்பித்து, ஞாயிறு சாயங்காலம் முடிகிறது. காலண்டரில் பௌர்ணமி என்று இருந்ததோ ஞாயிறு. சனி ராத்திரி ஜனமெல்லாம் மலையைச் சுற்றி முடித்த பிறகு, என் வெப்சைட்டை நம்பியவர்கள் மறுநாள் மத்தியானம் பெட்டியோடு வந்து இறங்குவார்கள்!

"இந்த ஊர்லயே பொறந்து வளந்தவதானே நீ?" என்றார் அக்கா. நான் ரூம் நோட்டை இழுத்துப் புரட்டினேன்.

நல்ல வேளை, எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக்கே போட்டிருந்ததால் சனிக்கிழமைக்கு ரூம்கள் காலி. ஆனால் அந்த நேரம் பார்த்து ஒரு டூர் பஸ்காரர் மொத்த ரூமும் வேண்டும் என்று வந்து நின்றார். அக்கா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு அவரிடம், "ரூம் இல்லீங்க. நம்மள நம்பிப் போட்டவங்க இருக்காங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். பத்துக் குடும்பங்கள் லைனில் கிடைத்து, சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டன. சேலத்துக் குடும்பம் மட்டும் போனை எடுக்கவேயில்லை. இருந்தாலும் அவர்கள் ரூமை யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கிய அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ரிசப்ஷனுக்கு வந்தார். சேலத்துக்காரர்களேதான்!

"உங்க கம்ப்யூட்டர் ஞாயித்துக்கிழமைன்னுச்சு. எங்க வீட்டுப் பஞ்சாங்கம் சனிக்கிழமைன்னுச்சு. நாங்க பஞ்சாங்கத்த நம்பிக் கெளம்பிட்டோம். ரூம் உண்டா, இல்லையா?"

சண்டைக்குத் தயாராக வந்தவரிடம் அக்கா சிரித்துக்கொண்டே சாவியை நீட்டினார். நான் உண்மையைச் சொன்னதும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், வேனே சிரித்தது. அன்று சாயங்காலம் என்னையும் விடாமல் இழுத்துக்கொண்டுதான் மலை சுற்றப் போனார்கள்.

அடுத்த வாரமே அந்தப் பட்டனைத் தூக்கிவிட்டு, திதி தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் போட்டு, 'எந்த ராத்திரி தங்கப் போகிறீர்கள்?' என்று கேட்க வைத்தேன். இன்றைக்கும் எந்த வெப்சைட் செய்தாலும், அந்தச் சேலத்து அம்மாவை மனசுக்குள் எதிரே நிறுத்தி, பஞ்சாங்கத்தைத் தேடாமல் இதை நம்பி வேனில் ஏறுவாரா என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.