நாளைக்கு வாருங்கள்

யுத்த காலத்தில் ஆவடியில் இருந்த ஓர் இராணுவ அலுவலகத்தில் நான் தட்டெழுத்து வேலை பார்த்தேன். என் மேசை முன்கூடத்தில் இருந்தது. எனக்கு எதிரே, துரையைக் காண வருவோரிடம் பேசி அனுப்பும் எழுத்தர் அமர்ந்திருப்பார். 'முடியாது' என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. துரை பார்க்க விரும்பாத ஒருவர் வந்தால், எழுந்து நின்று கைகூப்பி, "துரையவர்கள் முக்கிய அலுவலில் இருக்கிறார்கள். நாளைக்கு வாருங்கள்" என்பார். துரை பார்க்க இசைந்தவருக்கு அத்தனை மரியாதை கிடையாது. "உள்ளே போங்கள்" என்பதோடு சரி. கண்டிராக்டர்கள் இதை நன்கறிவார்கள். கூப்பிய கையைக் கண்டதுமே குடையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார்கள்; மறுபடி வரமாட்டார்கள்.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கத்து உழவர் ஒருவர் மட்டும் மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். பட்டாளத்துக்கென்று எடுக்கப்பட்ட நிலங்களில் அவருடைய வயலும் ஒன்று. நிலம் திரும்பாது என்பதில் அவருக்கு ஐயமில்லை. நின்றிருந்த நெல் முற்றி அறுக்கும்வரை கம்பிவேலியை நிறுத்திவைக்கவேண்டும் என்பதொன்றே அவர் வேண்டுகோள்.

"இன்னா நைனா, தெனம் வந்துகினு கீறே? துரை ஊட்ல பொண்ணு கேக்கப் போறியா?" என்று வாயிற்சேவகன் சீண்டுவான்.

"சிரி அண்ணாத்தே, சிரி. அந்த ஐயா எய்ந்து நின்னு கும்புட்டு, நாளைக்கு வாங்கன்றாரு. எனுக்கு யாரு இப்டி மருவாதி குட்த்தாங்க? வராம இருந்தா நல்லாவா கீது?"

ஒரு நாள் காலை, எழுத்தர் கைகூப்புமுன் உழவரே பேசினார்: "சாமி, பயிரு முத்திப்போச்சு. அறுப்பு ஆளுங்கள பக்கத்து ஊர்ல கூப்புட்றாங்க. உத்தரவு இல்லாம அறுக்கக் கூடாதேன்னு, உங்க பேச்ச நம்பி ஆளுங்கள நிறுத்தி வெச்சிகினு கீறேன்."

எழுத்தரின் கைகள் பாதி எழுந்து, திரும்ப மேசைமேல் இறங்கின. வேலி போடுவோர் மறுநாள் காலை அந்த வயலுக்குப் போகவேண்டும் என்ற கட்டளை முந்திய மாலையே போயிருந்தது. அலுவலகத்தில் அதை அறியாதவர் இல்லை.

அவர் உட்கார்ந்தபடியே சொன்னார்: "துரை உங்களைப் பார்க்கமாட்டார். என்றைக்குமே பார்க்கமாட்டார். விடிந்தால் வேலி வந்துவிடும். உத்தரவை எதிர்பார்க்காமல், இப்போதே போய் அறுங்கள்."

உழவர் குரலில் கோபமில்லை. "இத்த மொத நாளே சொல்லியிருக்கலாமே, சாமி" என்றார். பிறகு துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் நான் அந்த வயல் வழியாகவே அலுவலகம் வந்தேன். புதிய கம்பிக்குள் ஒரு பாதி வயலில் அறுத்த தாள் மட்டும் நின்றது. மறுபாதியில் கதிர்கள் தலைசாய்த்து நின்றன. அதன்மேல் வேலிக்காரர்கள் கம்பிச்சுருள்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு அறுத்தார்?" என்று எழுத்தர் கேட்டார்.

"பாதி."

சற்றுப் பொறுத்துக் கண்டிராக்டர் ஒருவர் வந்து நின்றார். எழுத்தர் எழவில்லை, கைகூப்பவும் இல்லை.

"துரை உங்களைப் பார்க்கமாட்டார்" என்றார்.

வந்தவர் முகம் சிவந்து, இவ்வளவு மரியாதைகெட்ட மனிதரைத் தாம் கண்டதில்லை என்று வாயிற்சேவகனிடம் உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்.